கிரேவிங் கப்பலின் மணி

டெவன்போர்ட்,
14 மே 1921

அன்புள்ள எஸ்ராவுக்கு,

லவீனியா எழுதுவது. நான் சுகம். மால்ட்டா வெயில் உங்கள் நெஞ்சுச் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே கூரை ஒழுகல் நின்றுவிட்டது. அடுப்புதான் இன்னும் புகைகிறது.

உங்கள் 'கிரேவிங்' நாசகாரிக் கப்பலை உடைக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். எட்டு வருஷம் அதன் கொதிகலனுக்குக் கரி போட்டவர் நீங்கள். ஹார்விச் துறைமுகக் காவல், 1916-இல் கண்ணிவெடி பட்டு முன்பக்கம் பிய்ந்தது, புது முன்பக்கத்தோடு நீர்மூழ்கி வேட்டை என்று ஓயாமல் உழைத்த கப்பல்.

மணியைக் கேட்கப் போனேன். அதைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றித்தானே நம் மகள் டாம்சினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? உள்ளே அவள் பெயரையும் வெட்டினார்களே. அவள் கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்க முடியவில்லை. பெயர் இருப்பது அந்த மணியில் மட்டும்தான்.

உடைக்கும் இடத்து மேஸ்திரி பென்ரோஸ் முதலில் சிடுசிடுத்தார். "ஏம்மா, ஆளாளுக்கு வந்து மணியக் கேட்டா? நான் என்ன சர்ச்சா நடத்துறேன்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். மணிமேல் இருந்த சாம்பல் நிறப் பூச்சை அவரே சுரண்டினார். வெளியே 1917 என்று இருந்தது. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. "இது வேற மணிம்மா. பழசு அந்த முன்பக்கத்தோட கடலுக்குள்ள போயிருக்கும். உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்றார்.

தெரியும்தானே? "மணி பத்திரம், அவள் பெயரைப் பளபளவென்று துலக்கி வைத்தேன்" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினீர்களே, பாவி மனிதரே! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் புரிந்துவிட்டது. ஞானஸ்நான மணி கடலில் போனால் பிள்ளைக்கு ஆகாது என்று உங்கள் கூட்டாளிகள் சொல்வார்களே, அதை மனதில் போட்டுக்கொண்டீர்கள். அதனால்தான் அவள் போனதிலிருந்து வீட்டுப் பக்கமே வராமல், ஒரு கப்பலை விட்டு அடுத்த கப்பலுக்கு ஓடுகிறீர்கள்.

நானோ, நீங்கள் என்னைத்தான் பழிக்கிறீர்கள் என்று இரண்டரை வருஷமாக வெந்து கிடக்கிறேன். தெருவெல்லாம் காய்ச்சல் பரவிய வாரத்தில் அவளைப் பள்ளிக்கு அனுப்பியது நான்தானே.

மணி அவளை எடுக்கவில்லை, எஸ்ரா. இந்தத் தெருவில் நாலு பிள்ளைகள் போனார்கள். ஒருவருக்கும் மணி கிடையாது.

ஆண்டவர் உங்களைக் கரை சேர்க்கட்டும். விடுப்பு கேட்டு வாருங்கள். அவள் பெயரைச் சத்தமாகச் சொன்னால் திரும்பிப் பார்க்க, இந்த வீட்டில் எனக்கு யாருமே இல்லை.

உங்கள்
லவீனியா