தையலுக்கு விட்ட துணி

அங்கே இருந்துகொண்டே என்னை அதட்டும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் இளைத்துவிட்டீர்கள் என்பது போன முறை அனுப்பிய படத்திலேயே தெரிந்தது. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று கதை விட வேண்டாம். சட்டைக் காலர் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் வேலை பார்க்கும் திரைச்சீலைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலைக்கு ஆள் எடுப்பதாகவும், அதற்கு எழுத்துத் தேர்வு என்றும் எழுதியிருந்தேன் அல்லவா? எல்லாம் பின்னக் கணக்கு. துணி வெட்டுகிற எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று இறுமாப்பாக உட்கார்ந்தேன். மகளுடைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் கணக்கு: பத்தரை மீட்டர் துணியில் ஒன்றே முக்கால் மீட்டர் திரைகள் எத்தனை வெட்டலாம்? ஐந்து, மிச்சம் அரை மீட்டர் என்று எழுதினேன். உங்கள் மகள் கூசாமல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டாள். சரியான விடை ஆறாம். மேலும் கீழும் மடித்துத் தைக்க ஒவ்வொன்றுக்கும் கால் மீட்டர் விட வேண்டாமா என்று சண்டைக்குப் போனேன். "கணக்குல தையலே கிடையாதும்மா, சும்மா வகுத்துட்டுப் போ" என்றாள். வாயில் உங்களையே உரித்து வைத்திருக்கிறாள்.

சரி என்று தையலை மறந்து வகுக்கப் பழகினேன். பழக்கம் நன்றாகவே படிந்துவிட்டது. போன வாரம் ஒரு விடுதியின் ஆறு ஜன்னல்களுக்கு, அதே பத்தரை மீட்டரை, அதே ஒன்றே முக்காலாக, ஆறு துண்டு போட்டுவிட்டேன்! தைத்து மாட்டிப் பார்த்தால் கீழே கால் மீட்டர் வெளிச்சம். "இது திரையா, கைக்குட்டையா?" என்று மேனேஜர் கத்தினார். தேர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை அடிப்பேன் என்றார். நான் அழவில்லை. கரும்பச்சைத் துணியில் அடிக்கரை வெட்டி, இந்த முறை தையலுக்கு மறக்காமல் விட்டு, ஆறு திரைக்கும் ஒட்டுப் போட்டேன். விடுதிக்காரர்களுக்கு அந்தக் கரைதான் பிடித்ததாம். என் பெயரும் தப்பியது.

வெள்ளிக்கிழமை தேர்வு எழுதினேன். பத்தில் ஒன்பது சரி. தப்பான ஒன்று என்ன தெரியுமா? ஒன்பது மீட்டர் கயிற்றில் துணி உலர்த்த ஒன்றரை மீட்டர் கொடிகள் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். ஐந்து என்று எழுதினேன். துணிக்குத் தையல் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். கொடிக் கயிற்றுக்கு முடிச்சுமா கிடையாது? உங்கள் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். போகட்டும், மற்றவர்கள் யாரும் எட்டைத் தாண்டவில்லை.

ஆமாம், வேலை எனக்குத்தான். இன்று காலை மேனேஜரே பெரிய கத்தரிக்கோலை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். இனி என் ஒருத்தி சம்பளத்தில் இந்த வீடு ஓடும். நான் மாஸ்டரானால் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவதாக, அங்கே வேலைக்குக் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை, உங்களுக்கு நினைவிருக்கும்.

உங்களுக்குச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டே கால் மீட்டர், வெளிர் நீலம். பழைய அளவை நம்பி வெட்ட மாட்டேன். அளவெடுத்து எழுதி அனுப்பவும் வேண்டாம், வாங்கிக்கொள்ள மாட்டேன். நேரில் வந்து என் முன்னால் நில்லுங்கள். இங்கே சாப்பிட்டு உடம்பு தேறும் அல்லவா, அதற்கும் சேர்த்து உள்ளே தையலுக்கு நிறைய விட்டே வெட்டுகிறேன்.

துணியை மேசையில் விரித்துவிட்டுக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி
(கட்டிங் மாஸ்டர்)