கட்டைத் தோட்டாவும் உன் தோளும்

மச்சான்,

அரிசி அளக்கிற சுண்டைப் பானைக்குள் விட்ட என் மனிசி புதன்கிழமை போட்ட சத்தம், நீ இருந்திருந்தால் கனடாவுக்கே கேட்டிருக்கும். அரிசியோடு சேர்ந்து அவள் கைக்கு வந்தது ஒரு பித்தளைக் கோது. சுட்டு முடிந்த றைபிள் தோட்டாவின் வெறும் கோது. பெருவிரல் பருமன். அடியில் துளை போட்டு, வளையம் மாட்டி, சாவிக்கொத்தாக்கியிருந்தார்கள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் கருகின மருந்து மணத்தது.

“இது என்ன கறுமம்? துவக்கு லைசன் புதுப்பிக்கப் பொலிசுக்குப் போக இன்னும் பத்து நாள்தான் கிடக்கு. வீட்டுக்குள்ள றைபிள் கோதை ஒளிச்சு வச்சுக்கொண்டு என்ன விளையாட்டு இது? கொண்டு போய் ஆத்துக்குள்ள வீசிட்டு வாங்க!”

அவளைக் குறை சொல்ல ஏலாது. நம்முடைய பக்கத்தில் ஒரு வெறும் கோது என்ன பாடு படுத்தும் என்று உனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் வரம்பில் ஒன்று மின்னினால் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, காணாதவன் மாதிரி நடந்து வளர்ந்தவர்கள் நாம். என்னிடம் இருப்பது வெள்ளாமைக் காவலுக்கு லைசனோடு தந்த ஒரு பழைய ஒற்றைக் குழல் துவக்கு. பன்றியைக் கலைப்பதற்கு. அந்த வீட்டுக்குள் றைபிள் கோது எப்படி வந்தது என்று ஒருவன் கேட்டால், கனடாவில் என் சிநேகிதன் சனிக்கிழமைப் பொழுதுபோக்குக்குச் சுட்டது என்று சொல்லவா? கேட்கிறவன் முதலில் சிரிப்பான். பிறகு சிரிக்க மாட்டான்.

தந்தது உன் மகள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள். குருக்கள்மடத்தில் தன் சின்னம்மா வீட்டில் நின்றுகொண்டு, பாதைப் படகில் ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வந்து, ஓட்டோ பிடித்து பழுகாமத்துக்கு என்னைத் தேடி வந்தாள். நீ செத்துப்போன ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவை அவளைப் பார்க்கிறேன். உன் மூக்கு, உன் நடை. சாப்பிட்டு முடிந்ததும் கைப்பையைத் திறந்து அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“அப்பா கடைசியா அடிச்சது மாமா. உங்களுக்குத்தான் சேரோணும் எண்டு அம்மா சொன்னவ.”

என் கை தானாக மூடிக்கொண்டது. கண் வாசல் படலைப் பக்கம் போனது. பிள்ளை நான் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினாள். உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், முதலில் பயந்தேன், பிறகுதான் அழுதேன். அங்கே பிறந்த பிள்ளைக்கு இது ஒரு நினைவுப் பொருள். அவளிடம் எதை விளங்கப்படுத்துவது? ஓம் மகள் ஓம் மகள் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் கோதோடு போயிருக்கும். ஆனால் அவள் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே மற்றக் கதையைச் சொன்னாள். “ஒவ்வொரு சனிக்கிழமையும் சுட்டுட்டு வந்து, தோளுக்கு ஐஸ் வச்சுக்கொண்டு படுத்திருப்பார் மாமா. அந்தக் கையால கோப்பை தூக்க மாட்டார். மாமாக்கு மட்டும் சொல்லிப்போடாத எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்.”

எனக்கு நீ என்ன சொன்னாய்? “சோக்கான சாமான் மச்சான். நீ சொன்னது சொன்னதுதான்.” நாலு வருஷமாக இதையே சொன்னாய். நானும் மடையன் மாதிரி நம்பினேன்.

அந்தத் துவக்கை நீ தேடிய நாட்கள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. உனக்கு வேலை முடிந்த பின்னேரம், எனக்கு விடியற்காலை. வயல் காவல் வாடிக்குள் நான் தேத்தண்ணி வைக்கும்போது வட்ஸ்அப்பில் உன் முகம் வரும். ஒரு துவக்குத்தான் வாங்குவேன், அதே துவக்கில் மான் வேட்டைக்கும் போகவேணும், சனிக்கிழமையில் கடதாசி வட்டத்துக்கும் சுடவேணும் என்றாய். “ஒரே மாட்டைக் கட்டி உழவும் வேணும், பாலும் வேணும் எண்டு நிக்கிறாய்” என்று நான் பகிடி பண்ணினேன். நீ விடவில்லை. மூன்று தோட்டாவை மேசையில் நிறுத்தி எனக்குக் காட்டினாய். ஒன்று ஆறரை மில்லிமீற்றர், மெலிந்தது. ஒன்று முந்நூற்றெட்டு, நடுத்தரம். மூன்றாவது, முந்நூறு ஷோர்ட் மெக்னம்.

அந்த மூன்றாவதைப் பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது. கட்டை, ஆனால் வயிறு பெருத்தது. நீளத் தோட்டாவுக்குப் போடுகிற மருந்தைக் கட்டைக் கோதுக்குள் அடைத்திருக்கிறார்கள் என்று நீ விளங்கப்படுத்தினாய். தோட்டா கட்டை என்றால் பூட்டை இழுத்துத் தள்ளும் தூரம் குறைவு, துவக்கும் கட்டை, பாரமும் குறைவு, மலையேறத் தோது. தூரத்துக்கும் நேராகப் போகும். “அப்ப குறை ஒண்டும் இல்லையா?” என்று கேட்டேன். “உதை கொஞ்சம் கூட” என்றாய். கொஞ்சம்! இலேசான துவக்குக்குள் அவ்வளவு மருந்து வெடித்தால் உதை முழுக்கத் தோளுக்குத்தானே போகும்? அதை நான் யோசிக்கவில்லை.

நான் யோசித்தது நம்முடைய பெரிய வயல்காரர் கந்தப்போடியாரை. நமக்கு இருபது வயது இருக்கும்போது அவர் பறவைக்குப் போடுகிற சின்னச் சன்னத் தோட்டாவால் பன்றிக்குச் சுட்டார். பன்றி விழவில்லை, கிறுகி வந்து தொடையைக் கிழித்தது. நீயும் நானும் அவரை ஏணியில் படுக்க வைத்துத் துறைவரை தூக்கிக்கொண்டு ஓடினோம். ஏணி முழுக்க இரத்தம். அன்றிலிருந்து இந்த வயல்வட்டையில் எவனும் சின்னத் தோட்டா கேட்க மாட்டான். காயப்பட்ட மிருகம் உன்னைத் தேடி வரும், பெரிசாகப் போடு, ஒரே வெடி. இருபது அடியில் பன்றியைப் பார்க்கிறவனுடைய புத்தி அது. முந்நூறு மீற்றருக்கு அப்பால் புல்லுத் தின்கிற மானுக்கு அந்தப் புத்தியைத்தான் நான் கடல் தாண்டி அனுப்பினேன்.

“பெரிசையே எடுடா. சின்னதை வச்சு மாரடிக்காத” என்றேன். நீ அடுத்த கிழமையே வாங்கினாய்.

வாங்கினது மட்டுமா? நான் சந்திக் கடையில் நின்று, கனடாவில் துவக்கு வாங்குகிறவன் பழுகாமத்தானிடம் கேட்டுத்தான் வாங்குகிறான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அறப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானைக்குள் விழுந்த கதை.

உன் வலது காறை எலும்பு உடைந்தது எனக்குத் தெரியாதா? சூடடித்து மூட்டை ஏற்றி வந்த நாள். மூட்டைக்கு மேல் நீ பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தாய். உழவு மெசினை ஓட்டினவன் நான். வாய்க்கால் மூலையில் அவசரப்பட்டுத் திருப்பினேன், நீ கீழே கிடந்தாய். முறிவு வைத்தியர் கட்டின கட்டு கோணலாகப் பொருந்தி, சட்டைக்குள் அந்த எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். ஆற்றில் குளிக்கும்போது அதைத் தொட்டுக் காட்டி, “இது உன்ட ஓட்டம்” என்பாய். அந்தத் தோளுக்குத்தான் நான் பெரிசு சொன்னேன். ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை மச்சான். நீயும் ஞாபகப்படுத்தவில்லை.

மகள் இன்னொன்றும் சொன்னாள். உதைக்குப் பயந்து நீ விசையை இழுக்கமுன் கண்ணை மூடப் பழகிவிட்டாயாம். முதல் வருஷ வேட்டையில் ஒரு மானுக்குப் பட்டது, சரியான இடத்தில் படவில்லை. நீயும் அவளும் பனிக்குள் இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துப் பொழுது சாயும்வரை நடந்தீர்களாம். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நீ வேட்டைக்கே போகவில்லை, கடதாசிக்கு மட்டும் சுட்டாய். காயப்பட்ட மிருகம் வேண்டாம் என்றுதானே நான் பெரிசு சொன்னேன்! எனக்கு அப்போது நீ அனுப்பிய செய்தி, “இந்த முறை மான் அம்பிடேல்ல” என்பது மட்டும்.

“வேற துவக்கு வாங்குங்கோ எண்டு அம்மா எத்தினை தரம் சொன்னவ. மாத்தினா உங்கட சொல்லு பிழைச்சதாப் போயிடுமாம். அதுக்காகவே மாத்தேல்ல” என்றாள் பிள்ளை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாளே ஒரு கேள்வி.

“நானும் பழகப்போறன் மாமா. லைசனும் எடுத்திட்டன். அதே துவக்கு, அதே தோட்டாவோட பழகட்டா? இல்லாட்டி வேறயா? நீங்க சொல்லுங்க.”

ஒல்லிப் பிள்ளை. தோள் கோழிக்குஞ்சின் தோள். அந்த இடத்திலேயே வேண்டாம் மகள் என்று சொல்லியிருக்க வேணும். ஆனால் வேண்டாம் என்றால், நான் சொன்னது பிழை என்று நாலு வருஷம் என்னிடமிருந்து நீ மறைத்ததை நானே உடைக்கிறேன். ஓம் என்றால், உன் நோவை உன் பிள்ளைக்கும் எழுதிக் கொடுக்கிறேன். அதோடு, எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேணும். “யோசிச்சுச் சொல்றன் மகள்” என்று அனுப்பிவிட்டேன்.

அவளுக்கு விமானம் வெள்ளிக்கிழமை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் கோல் எடுத்தாள். போன் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருந்தால் அரிசிப் பானை என்னைப் பார்க்கிறது. வயலுக்குப் போனால் கதிர் முற்றி நிற்கிறது, பன்றி வரம்பைக் கிளறுகிறது, விட்டுவிட்டு ஓரிடமும் போக ஏலாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலி. புதன்கிழமை மனிசி அந்தச் சத்தம் போட்ட பிறகுதான் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவள் ஒரே சொல்லில் முடித்தாள். “பிழையெண்டா பிழை எண்டு சொல்லுறதுக்கு என்ன? பிள்ளைட தோளை விட உங்கட மீசை பெரிசா?”

வியாழக்கிழமை பகலும் இரவும் பன்றி என்னை வயலை விட்டு அசையவிடவில்லை. வெள்ளிக்கிழமை விடிய வாடியில் இருந்து எழும்பினேன், கோதை மடியில் சொருகினேன், காலை வெளியே வைத்தேன். ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே யானை. தனியன். என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி வரம்புப் புல்லைப் பிடுங்கித் தட்டித் தின்கிறது. மறுபக்கம் வாய்க்கால், இடுப்பளவு சேறு. கையில் துவக்கு இருக்கிறது, அதை வைத்து என்ன செய்ய? வெடி வைத்தால் கோபத்தில் வாடியைப் பிரித்துப்போடும். குந்தினேன். ஆறரை, ஏழு, ஏழேகால். பிள்ளை பன்னிரண்டுக்கு விமான நிலையத்துக்கு வான் ஏற வேணும். இந்த உலகத்தில் எந்தத் தோட்டாவும் எனக்குப் பிரயோசனம் இல்லை என்று அங்கே குந்தியிருந்து சிரித்தேன், பிறகு உனக்குத் தூஷணத்தால் பேசினேன். நீ ஒருக்காலாவது நோகுது மச்சான் என்று சொல்லியிருக்கலாமேடா! நான் என்ன அந்நியனா? எட்டரைக்குப் பிறகுதான் அது தன்பாட்டில் காட்டுப்பக்கம் இறங்கியது.

பாதைப் படகில் ஏறும்போது பத்து மணி. நடு ஆற்றில் கை மடிக்குப் போனது. மனிசி சொன்னபடி போட்டிருக்கலாம், ஒருவரும் கவனிக்கவில்லை. போட மனம் வரவில்லை. அது உன் கையால் கடைசியாக ஏற்றின தோட்டா.

உன் மகள் முற்றத்தில் பெட்டிக்கு மேல் ஏறி இருந்து பூட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க முதல் சொல்லிவிட்டேன். “மகள், நான் அப்பாக்குச் சொன்னது பிழை. அவன்ட தோளை உடைச்சவனும் நான், அந்தத் தோளுக்கு அந்தத் தோட்டாவைச் சொன்னவனும் நான். நீ அதைத் தொடாத. மெலிஞ்சதை எடு. அந்த ஆறரை. இல்லாட்டி அங்க சுடுற ஆக்களிட்டக் கேட்டு எடு. என்னட்டக் கேக்காத.”

கோதையும் கையில் கொடுத்து, இதை இங்கே வைத்திருக்க ஏலாது என்பதற்கான காரணத்தையும் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போனது. “ஐயோ, எனக்குத் தெரியாதே மாமா” என்று அதைத் துவாய்க்குள் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு என்னைக் கதிரையில் இருத்தி, தண்ணி தந்துவிட்டு, மெல்லமாகச் சொன்னாள்.

“அங்க எல்லாரும் சொன்னவங்கதான் மாமா. கடைக்காரன், அப்பாவோட வேலை செய்யிற ஆக்கள், சுடப் பழக்கினவர், எல்லாரும் சின்னதை எடு, உன்ட தோளுக்கு இது சரிவராது எண்டுதான் சொன்னவங்க. அப்பா சிரிச்சுப்போட்டு, ‘எனக்கு ஊரில ஒருத்தன் இரிக்கான், அவனுக்குத்தான் தெரியும்’ எண்டவர்.”

அத்தனை பேர் உனக்கு முன்னால் நின்று உன் தோளைத் தொட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நீ, பனியையே காணாத என் வாயைக் கேட்டாய். வான் வந்து, பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறிப் போனாள். “கடைக்குப் போனா உங்களுக்குப் படம் அனுப்புறன் மாமா” என்றாள். கேட்காதே என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அவளும் உன் ஆள்தான்.

இன்று காலை பக்கத்து வயல்காரன் தம்பிராசா வாடிக்கு வந்தான். முதுகில் கட்டி மருந்தடிக்கிற தாங்கி ஒன்று வாங்கப் போகிறானாம், பெரிசா சின்னதா, எது நல்லம் என்று கேட்டான். பெரிசையே எடு, அடிக்கடி தண்ணிக்கு நடக்கத் தேவையில்லை என்ற பதில் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

“தம்பி, உனக்கு எங்க நோகும்?” என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு சாரத்தை ஒதுக்கி, இடுப்பைத் தொட்டுக் காட்டினான்.