மூன்றாவது குழியில் ஊற்று

1974 ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலிருந்தே காற்று. நான்கு கல் வைத்தும் வரைபடம் பறக்கிறது. வாயெல்லாம் புழுதி.

சாக்கடைத் திட்டத்துக்கு மண் சோதனை. குழி 1, 2 முடிந்தன. மேலே கரிசல், கீழே சுண்ணாம்புக்கல். தோண்டும் கருப்பசாமிக்குப் பேச்சு அதிகம், வேலையும் அதிகம். போகட்டும்.

மதியம் குழி 3, பள்ளத்தெரு. அருப்புக்கோட்டையிலேயே தாழ்ந்த இடம். ஐப்பசி மழையில் மேட்டுத் தெருச் சாக்கடை முழுக்க இங்கே வீடுகளுக்குள் புகுமாம். என் மேலதிகாரி ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளர்) இந்தத் தெருவே வேண்டாம். மெயின் ரோட்டோடு குழாய் போட்டு முடிக்கப் பார்க்கிறார். சோம்பேறித்தனம்.

மழைக்கால ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாயிற்று. ஊற்று எட்டு அடிக்குக் கீழே நின்றால் குழாய் இத்தெரு வழியே. மேலே ஏறினால் ஏ.இ. சொன்னபடி. சரியான அளவுக்குக் குழி ஓர் இரவு யாரும் தொடாமல் கிடக்க வேண்டும்.

சாயங்காலம் அடியில் கசிவு. நாளை அளவு.

பிளேடு வாங்க வேண்டும். செருப்பு வார்.

6, செவ்வாய்

குழியைச் சுற்றிக் குடங்கள். வரிசை வேறு. ஒருவர் உள்ளே இறங்கி அள்ளிக் கொடுக்கிறார். மிச்சம் சேறு. கத்தினேன்.

முதல் குடம் எதிர்வீட்டு ஞானம்மாளுடையது. வீரசோழன் ஊர்ப் பக்கம் பாத்திரம் விற்கப் போகிறவர்.

"சர்க்கார் கெணறு வெட்டுதுன்னுல்ல நெனச்சோம்."

"கிணறு இல்லம்மா. சாக்கடைக்கு."

"குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல, தண்ணி வெளிய போக வழி தேடுறாகளாக்கும்."

தெருவே சிரித்தது. கருப்பசாமியும்.

வற்றிய குழியையே அளந்து எழுதினால் தெருவுக்குக் குழாய் உறுதி. ஆனால் பொய் அளவு. இரண்டு மழையில் குழாய் கெட்டுப்போகும். எழுதவில்லை. இன்றிரவு குழியைத் தொடாமல் விட்டால்தான் சரியான அளவு, அதை வைத்துத்தான் தெருவுக்குக் குழாய் என்று சொன்னேன். ஞானம்மாள் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்குக் கறை.

"போன ஐப்பசியில கட்டில் மேல அடுப்ப வச்சுப் பொங்குனேன் தம்பி. நாளைக்கு வந்து அளந்துக்கோங்க. ஒரு சொட்டுப் போவாது."

மதியச் சாப்பாடு மோசம். சாம்பாரிலும் மண்.

7, புதன்

குழியைச் சுற்றி வேலிமுள். வாயின் குறுக்கே ஞானம்மாளின் கட்டில். அதே கட்டில்தான். தூக்கி வைத்துவிட்டு டேப்பை இறக்கினேன். தண்ணீர் எட்டரை அடியில். மறுபடி இறக்கினேன். எட்டரையே.

"பாஸா, பெயிலா?" ஞானம்மாள்.

"பாஸ்."

"அப்ப அள்ளலாமா?"

தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு. குடிக்க ஆகாது, துணி அலசலாம் என்றேன்.

"எங்க வீட்டுக் கெணறு மட்டும் கரும்புச்சாறா?" பின்னாலிருந்து யாரோ.

அறிக்கை எழுதி மதிய பஸ்ஸில் ஏ.இ.க்கு அனுப்பியாயிற்று. முனகுவார். அளவை மறுக்க முடியாது. மனசுக்கு நன்றாக இருக்கிறது.

அளவெடுத்த குழியை அன்றே மூட வேண்டும் என்பது விதி. சாயங்காலம் கருப்பசாமி மண்வெட்டியோடு வந்து நின்றார். "மூடிரவா சார்?"

தெரு முழுக்கக் கொடியில் ஈரத்துணி.

சனிக்கிழமை மூடலாம், பிள்ளைகள் விழாமலிருக்க முள்ளை மட்டும் எடுக்காதீர்கள் என்றேன்.