மணிப்பெட்டிக்கு அம்மா தைத்த உறை

பெங்களூர்,
18.4.1984

அன்புள்ள அப்பாவுக்கு, உக்கிரபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

எங்கள் கம்பெனியில் செய்த தீ எச்சரிக்கைப் பெட்டி உங்கள் மில்லின் பஞ்சுக் குடோனுக்கே வந்ததும், "எம் மவன் செஞ்ச பொட்டியில தூசி அடையலாமா?" என்று அம்மா அதற்கு வெல்வெட் துணியில் உறை தைத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மணியை அடிக்கவைக்கும் சுவிட்ச் நகத்தளவு சில்லு. சுற்றிலும் சூடு ஏற ஏற அது தாங்கும் மின்சாரம் குறையும். இந்த ஊர்க் குளிருக்கு இருபது மில்லிஆம்பியர் தாங்கும். குடோனின் தகரக் கூரைச் சூட்டை நினைத்து, பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்று சண்டை போட்டு அப்படியே வைக்கச் செய்தவன் நான்தான். உறைக்குள் சூடு இன்னும் ஏறி, அது பத்துதான் தாங்கும்; ஓடுவதோ பன்னிரண்டு. சில்லு கருகிவிட்டால் பஞ்சு எரிந்தாலும் மணி அடிக்காது.

மில்லுக்கு டிரங்க் கால் போட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தேன். லைன் கிடைக்கவில்லை. தந்தி கொடுத்தால் வீட்டுக்குத்தான் வரும்; தந்திக்காரரைப் பார்த்ததுமே அம்மா அழுதுவிடுவாள். இங்கிருந்து வேறென்ன செய்ய?

பயப்பட வேண்டாம். உடனே உறையைக் கழற்றிவிடுங்கள். நான் கேட்டதாக அம்மாவிடம் சொல்லி எனக்கே அனுப்புங்கள். என் தலையணைக்கு உறை இல்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். இது வந்துசேர மூன்று நாள் ஆகும். அதுவரை மணியை நம்பாமல் உங்கள் மூக்கை நம்புங்கள் என்று எழுத வந்தேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த மூன்று நாளும் போயிருக்கும், அப்பா.

உக்கிரபாண்டி