படகுக்கு இழுத்த ஒயர்

அன்புள்ள எல்லம்மாவுக்கு,

திருமலைக்கு வேலை கிடைத்ததென்று சந்தோஷப்பட்டு எழுதியிருந்தாய். உன் தம்பி செய்யும் வேலை இதுதான். பழவேற்காட்டு ஏரியில் முதலாளியின் மோட்டார் படகு நிற்கிறது. விருந்து நாட்களில் விளக்குக்கும் ஃபேனுக்கும் கரையிலிருந்து கரண்ட் இழுக்கிறார்கள். எர்த் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று படகுக்கு ஐஸ் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும்போதுதான் என்னோடு வேலை செய்த யேசுதாஸ் படகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி செத்தான். குடித்திருந்தான் என்று கதையை முடித்துவிட்டார்கள்.

அந்த ஒயரை நான் அறுத்தேன். முதலாளி உடனே புது ஒயர் இழுக்க வைத்து, படகில் நின்று கம்பியைப் பிடித்துக் காட்டினார்.

“எனக்கு ஷாக் அடிக்கலையே?”

“மரப்பலகை மேல நிக்கிறீங்க. தண்ணில எறங்கிப் புடிங்க சார்” என்றேன்.

அன்றோடு என் வேலை போனது. புது ஒயருக்கு இப்போது காவல் போட்டிருக்கிறார்கள்.

போகாதே என்று திருமலையிடம் கெஞ்சினேன்.

“நீ ஊட்ல குந்திக்கினு கீற மாமா. நானும் குந்தினா சோத்துக்கு இன்னா பண்றது?” என்றான்.

நாளை விருந்து. மேஸ்திரியிடம் பேசி நானும் ஐஸ் தூக்கச் சேர்ந்துவிட்டேன். திருமலை கரைப்பக்கம் நின்று எடுத்துக் கொடுப்பான். படகுப்பக்கம் நான் நிற்கிறேன்.

குழந்தைக்குப் பெயர் நீயே வைத்துவிடு.

உன் கணவன்