அறுபது பேரை அழித்தது

செவ்வாய்க்கிழமை.

மகள் ஜெனிக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. ராத்திரி ஒரு ஹிஸ்டோகிராம், அதாவது பட்டைகளால் வரைந்த படக் கணக்குப் போட்டாள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பத்திலிருந்து முப்பது நிமிஷம் வரை காத்திருந்தவர்கள் எத்தனை பேர்? படத்தில் அந்தப் பட்டையின் உயரம் மூன்று. மூன்று பேர் என்று எழுதியிருந்தாள்.

"அந்த உயரம் நிகழ்வெண் அடர்த்திடி. நிமிஷத்துக்கு மூணு பேர். அகலம் இருபது. பெருக்குனா அறுபது பேர்" என்றேன்.

மாற்றி எழுதினாள். பிறகு யோசித்தாள்.

"சார் உயரத்தத்தாம்மா எழுதச் சொன்னாரு. பேப்பர் திருத்துறதும் அவருதான்."

"அவர்ட்டப் போயி கேட்டுறாத. அந்தக் கோவத்த பிள்ளமேல காட்டுவாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்ப எதம்மா எழுத?"

"சார் சொன்னதையே எழுது" என்றேன்.

அறுபதை அழித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே படுக்கப் போய்விட்டாள்.

நாளைக்கு என் வகுப்பில் நான் நடத்த வேண்டியதும் இதே பாடம்தான்.