ஆடி பதினெட்டு

தோஹா
8 ஜனவரி 2026

அன்புள்ள ஆத்தாவுக்கு,

யோகப்பிரியா எழுதறேனுங்க. போன்ல எவ்வளவு கத்தினாலும் உங்களுக்குக் கேக்க மாட்டேங்குது, அதனாலதான் காகிதம். உங்க பேரன் சிவாவும் நானும் சௌகரியம். மூட்டுவலித் தைலம் தீர்ந்துச்சுங்களா?

ஒரு ஒத்தாசை வேணுமுங்க. கனடாவுல எனக்கு நிரந்தரமா இருக்கக் குடுத்த அட்டை மார்ச்சோட முடியுது. அஞ்சு வருசத்துல எழுநூத்தி முப்பது நாள் அங்க இருந்திருக்கணும். உங்க பேரன் அந்த நாட்டுக் குடிமகனாகிட்டதால, வேற நாட்டுல அவரோட ஒண்ணா இருந்த நாளும் சேரும். நான் தனியா இருந்தது சேராது. இவரு தோஹாவுக்கு வேலைக்கு வந்தப்புறம் குடும்ப விசா கிடைக்காம ரெண்டரை வருசம் நான் கோயமுத்தூர்ல அம்மா வீட்டுல இருந்தேனில்லீங்களா, அதுல எல்லாம் போச்சு. கூட்டிப் பாத்தா பதினோரு நாள் குறையுது.

அப்பாரு, இவரோட தாத்தா, முடியாமப் படுத்திருந்தப்ப நான் அங்க வேலந்தாவளத்துல உங்ககூட இருந்தேனுங்களே, அப்ப இவரும் லீவு போட்டு என்னோட இருந்தாருன்னு நீங்க ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொல்றாரு. அட்டை போச்சுன்னா அவரு அங்க திரும்பறப்ப நான் கூடப் போக முடியாதுங்க.

உங்க
யோகப்பிரியா


வேலந்தாவளம்
2 பிப்ரவரி 2026

யோகப்பிரியாவுக்கு,

காளிச்சாமி ஊட்டுக்காரி ராசம்மாள் எழுதிக்கறது. மூணாப்புப் படிச்ச கை. எழுத்து சாஞ்சிருந்தா நீயும் தலையைச் சாச்சுப் படி. தைலம் கார்த்திகையிலயே தீர்ந்துபோச்சு. இப்பத்தான் கேக்கறே.

கையெழுத்துப் போட மாட்டேன். அவன் வல்லே. தாத்தன் மஞ்சளாக் காஞ்சு கெடந்தப்ப வல்லே. சாவுக்கு வந்தான், மூணாம் நாள் பொட்டியைத் தூக்கிட்டுப் போனான். இருந்தான்னு நான் எழுதினா, அந்த மனுசனுக்குக் கஞ்சி ஊட்டிக் குளிப்பாட்டினது யாரு? நீதானே? அதை எடுத்து அவன் பேர்ல எழுதச் சொல்றயா? உம்மேல எனக்கு ஆயிரம் இருக்குது. சீர் அன்னைக்கு வெத்தலைத் தட்டை எனக்கு முன்னால உங்க சித்திக்கு நீட்டினே, மறக்கலே. அதுக்காக இதையும் மறப்பனா?

இன்னொண்ணும் மறக்கலே. ஆடி ஒண்ணாந்தேதி வர்றேன்னு சொன்னே. அப்பாரு வாசல்ல கட்டிலைப் போடச் சொல்லி, தினமும் "புள்ள வந்துட்டாளா"ன்னு கேட்டாரு. பதினேழு நாள். பதினேழு தடவையும் இல்லீங்கன்னு சொன்னவ நான். ஆடிப் பதினெட்டு அன்னைக்கு, ஊரே ஆத்துல கும்பிட்டுட்டுத் திரும்பற நேரத்துக்கு, ஆட்டோவுல வந்து இறங்கறே, ஒத்தையா. அவனுக்குக் காய்ச்சல்னு சொன்னே. பதினேழு நாளா ஒரு காய்ச்சல் அடிக்கும்? வாயை மூடிட்டு இருந்தேன். இப்ப எழுதிட்டேன்.

ராசம்மாள்


தோஹா
24 பிப்ரவரி 2026

ஆத்தா,

உங்க கடுதாசியை நின்னுட்டே படிச்சேனுங்க. படிச்சதும் நாள் கணக்கைத் திரும்ப எடுத்துப் பாத்தேன்.

பழைய பாஸ்போர்ட் நனைஞ்சு முத்திரை எல்லாம் கலைஞ்சு போச்சு. அதனால நான் கனடாவுல இருந்து கிளம்பின தேதியைச் சிவா பழைய டிக்கெட்டைப் பாத்துத்தான் எழுதினாரு. அதுல ஜூலை பதினேழு, ஆடி ஒண்ணு. அந்த டிக்கெட்டை மாத்தினது, உங்க கடுதாசியைப் படிக்கற வரைக்கும் ரெண்டு பேருக்குமே ஞாபகத்துக்கு வரலீங்க. அப்ப டிக்கெட் போட்டுக் குடுத்த டிராவல்ஸ் ஜிபி அண்ணன்கிட்டக் கேட்டேன். மாத்தின டிக்கெட்டைத் தேடி எடுத்து அனுப்பினாரு. ஆகஸ்ட் மூணு. நீங்க சொன்ன அதே ஆடிப் பதினெட்டு!

அந்தப் பதினேழு நாளும் நான் கனடாவுல இருந்திருக்கேன். பதினோரு நாள் குறைஞ்சது போயி இப்ப ஆறு நாள் கூடுதல். உள்ளதை உள்ளபடியே எழுதிக் கனடாவுக்கு அனுப்பியாச்சுங்க.

காய்ச்சல் அஞ்சு நாள்தானுங்க. மிச்சப் பன்னெண்டு நாள் எனக்குப் பயம். அப்பாருவை அந்தக் கோலத்துல பாக்கப் பயம். இதை இவருகிட்டக்கூடச் சொன்னதில்லை.

உங்க கடுதாசியை இவரும் படிச்சாரு. தைலம் மூணு பாட்டில் வாங்கிட்டு வந்து வெச்சிருக்காரு. ஆடிக்கு ஒரு மாசம் நான் மட்டும் வரட்டுமாங்க? இவருக்கு உங்க மூஞ்சியில முழிக்கக் கூச்சம்.

யோகப்பிரியா


வேலந்தாவளம்
19 மார்ச் 2026

அம்மிணிக்கு,

பயம்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு வருசம் உன்னைத் திட்டியிருக்க மாட்டேன். எனக்குந்தான் பயமா இருந்துச்சு. ஊட்டுக்குள்ளயே இருந்தவ, எங்க ஓடறது? உம்மேல வெச்சிருந்த கணக்குல அந்தப் பதினேழு நாளையும் அழிச்சாச்சு. வெத்தலைத் தட்டு அப்படியே இருக்குது.

நீ மட்டும் வர வேண்டாம். ஆறு நாள்தான் மிச்சம்கிறே, அதை எங்கிட்டக் கொண்டாந்து தொலைக்காதே. உன் மொதக் கடுதாசியைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். அவனோட ஒண்ணா இருந்தா எந்த ஊரா இருந்தாலும் அந்த நாளு சேரும்னு நீதானே எழுதியிருக்கே? வேலந்தாவளமும் ஊருதான். அவனையும் கூட்டிட்டு வா. ஒத்தையா வந்தீன்னா கதவைத் தொறக்க மாட்டேன்.

கூச்சப்பட்டான்னா, ஆத்தா தைலத்துக்குக் காத்திருக்கான்னு சொல்லு. பாட்டிலை அவன் கையில குடுத்துவிடு, உன் பொட்டியில வெக்காதே.

ஆடி ஒண்ணாந்தேதி கட்டிலை வாசல்ல போட்டிருவேன்.

உங்க ஆத்தா
ராசம்மாள்